புத்தம் புதுத் துரு

வாழ்க்கையில் செய்ததிலேயே சிறந்த வேலை எது என்று மார்லா ஓச்சோவாவைக் கேட்டால் யோசிக்கவே மாட்டாள். டாக்டர் ராய்ஸ் ஹேவர்காம்பின் பிக்கப் வண்டிக்குத் துருப்பிடிக்க வைத்தது என்பாள்.

ராய்ஸ் பல் டாக்டர். பேக்கர்ஸ்ஃபீல்டில் முப்பது வருஷம் பிள்ளைகளின் கோணல் பற்களுக்குக் கம்பி கட்டி நேராக்கியவர். ஓய்வு பெற்ற கையோடு அவருக்குக் கோணலின் மேல் காதல் வந்துவிட்டது. நாற்பத்தாறாம் வருஷத்து ஃபோர்டு பிக்கப் ஒன்றை வாங்கினார். முன்னால் வைத்திருந்த மனுஷன் அதைத் தேய்த்து, பூசி, பழுத்த செர்ரி நிறத்தில் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தான். அதை டிரெய்லரில் ஏற்றி வந்து மார்லாவின் பெயின்ட் பட்டறை முன்னால் இறக்கிவிட்டு, அழுகின பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இதுல ஆத்மாவே இல்ல மார்லா. ரொம்பப் புதுசா இருக்கு."

ஆத்மா எவ்வளவு ஆழத்துக்கு வேண்டும் என்று மார்லா கேட்டாள். கதவில் ஓட்டை விழுகிற அளவுக்கா, ஓரத்தில் கொஞ்சம் அரித்தால் போதுமா? ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ ஒரு பண்ணைக் கொட்டகையில் ஐம்பது வருஷம் மறந்து கிடந்த வண்டி மாதிரி இருக்க வேண்டும் என்றார். கண்ணைத் திறந்து, ஆனால் சாய்ந்து நின்றால் சட்டையில் கறை படக்கூடாது என்றார்.

மார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பத்து மூன்று வயதில் இதை விடப் பெரிய கூத்தையெல்லாம் பார்த்தாயிற்று. அவள் தூரிகை பிடிக்க ஆரம்பித்த காலத்தில் பழைய ஃபோர்டுகளுக்கு வெளிர் மஞ்சளும் ரோஸும் அடித்து, பக்கவாட்டில் பிறந்தநாள் ரிப்பன் அறுந்து பறக்கிற மாதிரி கோடு இழுக்கச் சொன்னார்கள். இழுத்தாள். பிறகு எல்லா வண்டியின் மூக்கிலும் பெயின்டில் நெருப்பு எரிய வேண்டும் என்றார்கள். எரிய வைத்தாள். அப்புறம் பளபளப்பே பாவம், கரும்பலகை மாதிரி மங்கின கறுப்புதான் புண்ணியம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதற்கும் அடித்துக் கொடுத்தாள். கடைசியாக வந்து சேர்ந்தது துரு.

இதற்கெல்லாம் ஆதி கதை ஒன்று உண்டு. எந்த கார் கண்காட்சிக்குப் போனாலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து அதைச் சொல்லாமல் விடமாட்டார். இரண்டாம் உலகச் சண்டை முடிந்து ஊர் திரும்பிய பையன்கள், கையில் காசில்லாமல், குப்பைமேட்டிலிருந்து பழைய ஃபோர்டைப் பொறுக்கினார்கள். கனம் குறைய மட்கார்டைக் கழற்றினார்கள். காற்று தடுக்காமலிருக்கக் கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். எங்கோ மோதி நொறுங்கிய பெரிய காரின் எஞ்சினைப் பிடுங்கி உள்ளே திணித்தார்கள். காய்ந்த ஏரிப் படுகையில் புழுதி பறக்க ஓட்டினார்கள், போலீஸ் துரத்தியது. பெயின்ட் வாங்க வக்கில்லாததால் பூசாமலே விட்டார்கள். கதை உண்மைதான். அந்தப் பையன்கள் காசில்லாமல் பூசாமல் விட்டதை, இன்றைக்கு ஓய்வு பெற்ற டாக்டர்கள் காசு கொடுத்து, பூசாத மாதிரியே பூசிக்கொள்கிறார்கள் என்பதை மட்டும் மைக்கில் யாரும் சொல்வதில்லை.

ராய்ஸிடம் மார்லா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். ஆர்லோ ஸ்பிரிங்ஸ் கண்காட்சியில் பெயின்ட் வேலைக்கென்று தனி வரிசை உண்டு. அங்கே கொடுக்கிற கேடயம் வண்டிக்காரருக்கு இல்லை, பூசியவருக்கு. தீர்ப்பும் நடுவர்களுடையது இல்லை, சக பெயின்டர்கள் ஓட்டுப் போடுவார்கள். அதற்காக மார்லா எத்தனையோ வருஷம் வண்டி நிறுத்திப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நெருப்பு வரைந்த எவனோ ஒருவன் தட்டிக்கொண்டு போனான். இந்த வண்டி அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும் என்றாள். ராய்ஸ் நெஞ்சில் கை வைத்துச் சத்தியம் செய்தார்.

நாலு மாதம் வேலை செய்தாள். தண்ணீர் எங்கே தேங்கும், வெயில் எங்கே சுடும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தாள். கதவுக் கீலுக்குக் கீழே கண்ணீர் வழிந்த மாதிரி ஒரு துருக் கோடு. பானெட்டின் நடுவில் எஞ்சின் சூட்டில் வெளிறிய ஒரு திட்டு. ஓட்டுநர் பக்கத்து ஜன்னல் விளிம்பில், சட்டை மடித்துவிட்ட கை வருஷக்கணக்கில் ஊன்றியிருந்தால் எப்படித் தேயுமோ அப்படி ஒரு தேய்மானம்.

கதவுக்கு ஒரு கடைப்பெயர் வேண்டுமென்று ராய்ஸ் கேட்டார். உழைப்பாளி மாதிரி ஒலிக்க வேண்டுமாம். ராய்ஸின் மருத்துவமனை லிஃப்டில் பார்த்த 'ஓட்டிஸ்' என்ற கம்பெனிப் பெயர் மார்லாவின் ஞாபகத்துக்கு வந்தது. எதிரே வண்டியை மூடியிருந்த தார்ப்பாய் கண்ணில் பட்டது. 'ஓட்டிஸ் தார்ப்' என்று எழுதினாள். வலது பக்கம் காலியாகத் தெரிந்தது. அந்த இடத்தை அடைக்க ஓட்டிஸுக்குப் பிள்ளைகள் பிறந்தார்கள்: 'ஓட்டிஸ் தார்ப் அண்ட் சன்ஸ், ரேடியேட்டர், வெல்டிங், ஆர்லோ ஸ்பிரிங்ஸ்.' எழுதி முடித்து, இரும்பு நாரால் தேய்த்துப் பாதியை அழித்தாள்.

கண்காட்சி மே மாதத்துச் சனிக்கிழமை. ஆர்லோ ஸ்பிரிங்ஸ் மைதானம் காலையிலேயே கொதித்தது. ஓக் விறகில் மாட்டிறைச்சி வேகிற புகை ஒரு பக்கம், ஒலிபெருக்கியில் அறுபது வருஷத்துக்கு முந்தைய காதல் பாட்டு இன்னொரு பக்கம். வண்டிகள் ஓட வேண்டிய பொருள் என்பதே மறந்துபோய் கம்பளத்தின் மேல் நின்றன. அடிப்பாகமும் தெரிய அடியில் கண்ணாடி, சுற்றிலும் கயிறு. ஒவ்வொன்றின் பின்னாலும் மடக்கு நாற்காலி, அதில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவர். யாராவது வந்து தொட்டுவிடுவார்களோ என்ற பயம் பாதி, யாருமே வரமாட்டார்களோ என்ற பயம் மீதி.

மார்லா தன் மேஜையைப் போட்டு, தூரிகைகளை அடுக்கிவிட்டு, பெயின்ட் வரிசைக்குப் போனாள். நெருப்பு வரிசையாக எரிந்துகொண்டிருந்தது. பிக்கப்பைக் காணோம்.

மைதானத்தின் அந்தக் கோடியில், மர நிழலில், 'கை படாதவை' வரிசையில் நின்றது. அது புனிதமான வரிசை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே, ஒரு துளி புதுப் பெயின்ட் படாமல் மூப்படைந்த வண்டிகளுக்கு மட்டும். பிக்கப்பின் முன்னால் ஒரு அட்டை: 'கொட்டகையில் கண்டெடுக்கப்பட்டது.' அதைச் சுற்றி ஒரு கூட்டம். நடுவில் வென்டல் கிரிம்ஸ் என்ற எண்பத்தாறு வயதுக்காரர் கைத்தடியால் கதவைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஓட்டிஸ் தார்ப்பை அவருக்கு நன்றாகத் தெரியுமாம். நெட்டையான ஆள். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். தன் அப்பாவின் டிராக்டர் ரேடியேட்டர் ஓட்டையை அவரிடம்தான் அடைக்கக் கொடுத்தார்களாம். கடை எங்கே இருந்தது என்று யாரோ கேட்டார்கள். இப்போது டோனட் கடை இருக்கிற முக்கு என்றார். உடனே பெர்னீஸ் என்ற அம்மாள் மறுத்தாள். அவளுக்கும் எண்பதுக்கு மேல். டோனட் கடை முக்கு இல்லை, எதிரே வங்கிப் பக்கம் என்றாள். இரண்டு பேருக்கும் சூடாக வாக்குவாதம் நடந்தது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு முக்கின் பக்கம் நின்றது.

மார்லா ராய்ஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து மரத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"வண்டி தப்பான வரிசைல நிக்குது டாக்டர்."

ராய்ஸ் குரலைத் தாழ்த்தினார். நிறுத்துகிற இடத்தில் நடுவர் டெல்பர்ட்டே பார்த்துவிட்டு, இதை ஏன் அங்கே கொண்டுபோகிறீர்கள், இதன் இடம் இங்கேதான் என்று திருப்பிவிட்டாராம். அவரே சொல்லும்போது எதிர்த்துப் பேசுவது மரியாதையா?

"கொட்டகைல கண்டெடுத்ததுன்னு அட்டை வெச்சிருக்கீங்களே, அதுவும் மரியாதைக்குத்தானா?"

"அதுல பொய் என்ன இருக்கு? உன் பட்டறை ஒரு கொட்டகைதானே?"

சாயங்காலம் பரிசு கிடைத்ததும் மார்லாவுக்கு ஒரு நல்ல விருந்து வைப்பதாகவும் சொன்னார். இது அவளுடைய வேலைக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு என்பதை அவள் புரிந்துகொள்ள வேண்டுமாம். உண்மையிலேயே பாராட்டுதான். ஆனால் அது போய்ச் சேர்ந்த விலாசம் மழையுடையதும் வெயிலுடையதும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பெயின்டர்கள் ஓட்டுப் போட்டுவிடுவார்கள். அதற்குள் வண்டி அந்த வரிசைக்குப் போகாவிட்டால், தன் வாழ்நாளின் சிறந்த வேலையை ஓட்டிஸ் தார்ப்புக்கும் இயற்கைக்கும் தாரை வார்த்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அப்போது டெல்பர்ட் லிண்ட்க்விஸ்ட் வந்தார். தலைமை நடுவர். ஊர் வரலாற்றுக் கழகத்துக்கும் அவர்தான் தலைவர். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்கவில்லை. கையில் டார்ச், சட்டைப் பையில் காந்தம், முகத்தில் பூசாரிக்களை. வண்டியை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். கூட்டம் விலகி வழி விட்டது.

பானெட்டில் விரலைத் தேய்த்து, விரலைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். சுத்தமாக இருந்தது. துருவைத் தொட்டால் விரல் பழுப்பாகும் என்பது அங்கிருந்த குழந்தைக்கும் தெரியும். மார்லா மேலே அடித்திருந்த மங்கல் வார்னிஷ் அந்தக் காரியத்தை நடக்கவிடவில்லை. இனி தப்பிக்க முடியாது என்று ராய்ஸ் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா?" என்றார் டெல்பர்ட். "ஒட்டவே இல்ல. அந்தக் காலத்து இரும்பு."

கூட்டம் மரியாதையாகத் தலையாட்டியது. டெல்பர்ட்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதையெல்லாம் போலி செய்கிற ஆட்கள் ஊரில் பெருத்துவிட்டார்கள் என்றும், தன் கண்ணை மட்டும் யாராலும் ஏமாற்ற முடியாது என்றும் சொன்னார். உதாரணத்துக்கு ஓட்டுநர் ஜன்னலைக் காட்டினார். இந்தத் தேய்மானத்தை எந்தத் தூரிகையாலும் கொண்டுவர முடியாது. ஒரு நேர்மையான உழைப்பாளி, இருபது வருஷம், இதே இடத்தில் முழங்கையை ஊன்றி ஓட்டியிருக்கிறான். இது ஓட்டிஸ் தார்ப்பின் முழங்கை.

"அது என் முழங்கை," என்றாள் மார்லா.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் கயிற்றைத் தாண்டிப் போய், கதவைத் திறந்து, சீட்டில் உட்கார்ந்து, கையை ஜன்னலில் வைத்தாள். தேய்மானம் அவள் முழங்கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அவள் ஐந்தடி உயரம். நெட்டை ஓட்டிஸ் அங்கே முழங்கை வைக்க வேண்டுமானால் பெடலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டியிருக்க வேண்டும்.

டெல்பர்ட் அசரவில்லை. அந்தக் காலத்து ஜனங்கள் குள்ளம் என்றார். வென்டல் மட்டும், ஓட்டிஸ் நெட்டை என்பதில் சந்தேகமே இல்லை என்று முணுமுணுத்தார்.

"டெல்பர்ட், இந்த வண்டிய நான் நாலு மாசம் உக்காந்து வரைஞ்சேன். ஓட்டிஸும் கிடையாது, பிள்ளைங்களும் கிடையாது. பெயின்ட் வரிசைல வைங்க இத."

"மார்லா, நீ நல்லா கோடு போடுவ, ஒத்துக்கறேன். ஆனா இது மனுஷக் கை செய்யற காரியம் இல்ல. காலம் செஞ்சது."

"காலத்துக்கு எவ்வளவு நேரம் வேணும்? எனக்கு அரை மணி போதும்."

டெல்பர்ட்டின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. பழைய மாடலைப் பார்த்துச் செய்த புத்தம் புதுத் தகரப் பெட்டி, தக்காளிச் சிவப்பு. போன கிறிஸ்துமஸுக்கு அவருடைய மருமகள் வாங்கிக் கொடுத்ததாம். மார்லா அதைக் கேட்டாள். தன் கண்ணின் மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. ஐஸையும் சோடா பாட்டில்களையும் வேறு வாளிக்கு மாற்றிவிட்டு, பெட்டியை அவரே தூக்கி வந்து அவள் மேஜையில் வைத்தார்.

செய்தி பரவி, பெயின்ட் வரிசையே எழுந்து வந்தது. நெருப்புக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நின்றார்கள். மார்லா, இதற்குத்தான் இத்தனை வருஷம் காத்திருந்த மாதிரி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் உப்புத்தாளால் தேய்த்தாள். எல்லா இடத்திலும் இல்லை. மூடியின் விளிம்பு, கைப்பிடி இடிக்கிற இடம், தரையில் உரசுகிற நாலு மூலை. சிவப்பு போய்ச் சாம்பல் நிற அடிப்பூச்சு தெரிந்தது, சாம்பல் போய்த் தகரம் தெரிந்தது. அம்மை போட்ட மாதிரி உடம்பெல்லாம் துரு தெளிப்பதுதான் கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு என்று தேய்த்துக்கொண்டே சொன்னாள். துருவுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது, தண்ணீர் நின்ற இடத்தில்தான் அது குடியேறும். இரும்புத்தூள் கலந்த பழுப்புப் பெயின்டைக் கிழிந்த பஞ்சால் ஒற்றினாள். மேலே ஒரு புட்டியிலிருந்து துருப்பிடிக்க வைக்கிற மருந்தைத் தெளித்தாள். பெட்டியை வெயிலில் வைத்தாள். ஆர்லோ ஸ்பிரிங்ஸ் வெயில் மீதியைப் பார்த்துக்கொண்டது. கூட்டத்தின் கண் முன்னாலேயே பழுப்பு ஆரஞ்சாக மாறிப் பூத்தது.

கடைசியாக நீண்ட மயிர்த் தூரிகையை எடுத்து, கையைத் தாங்கும் குச்சியில் மணிக்கட்டை வைத்து, ஒரே மூச்சில் எழுதினாள்: 'ஓட்டிஸ் தார்ப், ஐஸ், சோடா.' வெயிலில் காய்ந்ததும் இரும்பு நாரால் தேய்த்து, பாதி எழுத்தைத் துரு விழுங்கின மாதிரி ஆக்கினாள்.

நெருப்புக்காரர்களில் ஒருவன் குனிந்து பார்த்துவிட்டு, கையைக் கட்டியிருந்ததை அவிழ்த்தான். டெல்பர்ட் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. இதெல்லாம் கிட்டத்தட்ட வந்திருக்கிறது, ஆனாலும் உண்மையான பழமைக்குப் பக்கத்தில் வைத்தால் தெரிந்துவிடும் என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

அதற்குள் இறைச்சித் தட்டோடு பெர்னீஸ் வந்து சேர்ந்தாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. மேஜையைப் பார்த்ததும் தட்டைப் பக்கத்திலிருந்தவன் கையில் திணித்தாள்.

"நான் சொன்னேன்ல வென்டல், வங்கிப் பக்கம்னு. இந்தப் பொட்டி கடை வாசல்லதான் இருக்கும். வெயில் காலத்துல நாங்க பொண்ணுங்கள்லாம் இதுலேர்ந்து எடுத்துக் குடிப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க முடியாத அளவுக்கு அது பெரியதாக இருந்தது. டெல்பர்ட் தன் மருமகள் கொடுத்த பெட்டியைப் பார்த்தார். பெர்னீஸைப் பார்த்தார். பிறகு தன் விரலைப் பார்த்தார், சுத்தமாக இருந்த அந்த விரலை. அந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் நெஞ்சு வலி என்று சொல்லிப் படுத்திருப்பார். டெல்பர்ட் தொண்டையைச் செருமி, வண்டியைப் பெயின்ட் வரிசைக்கு மாற்றும்படி உத்தரவு போட்டார். ஓட்டிஸ் தார்ப் கடை இருந்த முக்கில் பித்தளை நினைவுப் பலகை பதிப்பது பற்றிக் காலையில்தான் கழக உறுப்பினர்களிடம் பேசியிருந்தாராம். அது தள்ளிவைக்கப்படுகிறது என்றார். ரத்து என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

ராய்ஸ் அதற்குள் கட்சி மாறிவிட்டார். இந்த வண்டி ஒரு கலைப்படைப்பு என்று தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருவதாகவும், நாலு மாதம் மார்லாவைப் பக்கத்திலிருந்து வழிநடத்தியது தான்தான் என்றும் அவர் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. 'கொட்டகை' அட்டையைக் காணோம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறபோது வென்டல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மார்லாவின் பக்கத்தில் நடந்தார். அவர் முகத்தில் கோபமில்லை.

"நீதான் வரைஞ்சேம்மா, பாத்தேன். ரொம்ப நல்லா வரைஞ்சிருக்க," என்றார். "அதுக்காக ஓட்டிஸ் இல்லன்னு ஆயிடுமா?"

மார்லா யோசித்துப் பார்த்தாள். இல்லாத மனுஷனுக்கு ஒரு நாளில் உயரமும், காலில் ஒரு ஊனமும், இரண்டு முக்கில் கடையும், ஐஸ் பெட்டியும் கிடைத்துவிட்டன. இதற்கு மேல் அவளால் எதையும் மறுக்க முடியும் என்று தோன்றவில்லை. ஆகாது பெரியவரே, என்றாள்.

ஓட்டு எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை. நெருப்புக்காரர்களே அவளுக்குப் போட்டிருந்தார்கள். கேடயத்தைக் கொடுப்பதற்கு முன்னாலேயே மூன்று பேர் அவளைத் தனித்தனியாகச் சந்தித்து, தங்கள் வண்டிக்கும் இதே மாதிரி துரு வேண்டும், கதவில் இதே ஓட்டிஸ் தார்ப் பெயர் வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள். ஓட்டிஸுக்கு ஃப்ரெஸ்னோ நகரம் வரைக்கும் கிளைகள் திறக்கப்போகின்றன என்று அவளுக்குப் புரிந்தது.

கேடயம் வாங்குகிறவர் எல்லோர் முன்னாலும் வண்டியில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்கே வழக்கம். மார்லா புது வெள்ளை டப்பாவைத் திறந்தாள். கதவின் கீழ் மூலையில், நாலு மாதம் பாடுபட்டு மங்க வைத்த அந்தப் பழுப்பின் மேல், 'மார்லா ஓச்சோவா' என்று சுத்தமாக, பளீரென்று எழுதினாள். இருபதடி தள்ளி நின்றாலும் தெரிந்தது. கை தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் ராய்ஸ் கதவின் முன்னால் குந்தி உட்கார்ந்து கையெழுத்தைப் பார்த்தார். பல்லில் சொத்தை தெரிந்த மாதிரி முகம் சுருங்கியது.

"மார்லா, ரொம்பப் புதுசாத் தெரியுதே. இதையும் கொஞ்சம் பழசாக்கிக் குடுக்க முடியுமா?"

"அது தானா ஆகும் டாக்டர். வெயில்லயும் மழையிலயும் வண்டிய வெளிய ஓட்டுங்க, போதும்."

ஓட்டுவதா என்று கேட்கிற மாதிரி ராய்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

மார்லா டப்பாவை மூடி, தூரிகையைத் துடைத்து, கேடயத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறைச்சி வாங்கப் போனாள். வரிசை நீளமாக இருந்தது. கேடயத்தைப் பார்த்து யாரும் அவளை முன்னால் விடவில்லை.